சபை இடாப்பில் ஒரு சிவப்புக் கோடு

எங்கள் கோயிலுக்கு மணி கிடையாது. ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டுதான் இருக்கிறது. முற்றத்துப் பெருக்கமரத்தின் கொப்பில் அதைச் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருக்கிறோம். ஞாயிறு காலையில் யாராவது ஒருவர் சுத்தியலால் மூன்று தரம் அடிப்பார்கள். தலைமன்னாரில் மற்ற எல்லாருக்கும் அது ஓயாத பகிடி. "அங்கிலிக்கன் கோயில் மணி கேக்குது, றெயில் வருகுதோ எண்டு பாருங்கோ" என்று அயலில் உள்ள கத்தோலிக்க வீடுகளில் சொல்லிச் சிரிப்பார்கள். நாங்களும் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவோம்.

சிரிக்க அவர்களுக்கு நியாயம் இருக்கிறது. இந்தியாவுக்குக் கப்பல் ஓடிய காலத்தில் றெயிலுக்கும் சுங்கத்துக்கும் இறங்குதுறைக்கும் வேலைக்கு வந்தவர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட சின்னக் கோயில் இது. முருகைக்கல் சுவர், பனை வளைக் கூரை, ஆறு யன்னல். நல்ல மணி ஒன்று வாங்கும் வரைக்கும் இது இருக்கட்டும் என்று ஸ்டேஷன்காரர் ஒருவர் தண்டவாளத் துண்டைக் கொண்டுவந்து கட்டினாராம். அந்த 'வரைக்கும்' இன்றுவரை முடியவில்லை. பேசாலையில் பெருநாள் என்றால் சனத்தைக் கடற்கரை கொள்ளாது. எங்கள் பெருநாளுக்கு ஒரு பெரிய சட்டிச் சோறு போதும். மிஞ்சவும் செய்யும்.

போன வருடம் மேற்றிராசனக் கந்தோரிலிருந்து, பிஷப்பின் அலுவலகத்திலிருந்து, ஒரு கடிதம் வந்தது. சின்னச் சபைகளைப் பார்வையிட ஒரு குழு வருகிறதாம். ஒவ்வொன்றையும் தனிச் சபையாகவே விடுவதா, மன்னார் நகரச் சபையோடு சேர்த்துவிடுவதா என்று அவர்கள் முடிவு செய்வார்களாம். கூடவே ஒரு படிவம். இடாப்பில், அதாவது அங்கத்தவர் பெயரேட்டில், எத்தனை பேர்? ஆராதனை இடைவிடாமல் நடந்து வந்ததா? இல்லையென்றால் எந்தக் காலத்தில் நடக்கவில்லை? சபையின் வரலாற்றை இரண்டு பக்கத்துக்கு மேற்படாமல் எழுதி இணைக்கவும்.

சேர்த்துவிடுவது என்றால் கதவுக்குப் பூட்டு என்று எல்லாருக்கும் விளங்கியது. ஞாயிறுதோறும் பஸ் பிடித்து மன்னாருக்குப் போக எங்கள் கிழவிகளுக்குக் கால் வராது. நானும் ஒரு கிழவிதான். இந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவள், இந்தக் கோயிலில்தான் என்னைக் கடைசியாகக் கொண்டுவந்து வைக்கவேண்டும் என்று நினைத்திருந்தவள். கடிதத்தை வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வரலாற்றை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இருபத்திரண்டு வயதிலிருந்து நான்தான் சபைக் காரியதரிசி. தபால் கந்தோரில் வேலை பார்த்தவள், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பிடித்துப் போட்டார்கள். பிறகு விடவில்லை. ஊரில் எனக்கு 'சீல் அடிக்கிறவ' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. எதற்கும் கடதாசி கேட்பேன், எதற்கும் ஒழுங்கு சொல்வேன். கோபம் மூக்குநுனியில் என்பார்கள். நுனிவரை அது போக வேண்டியதே இல்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். ஒருவர் வேறு ஊருக்குப் போய் வேறு சபையில் சேருவதென்றால், இங்கே காரியதரிசியிடம் ஒரு மாற்றுக் கடிதம் வாங்கிப் போகவேண்டும். 'இன்னார் எங்கள் அங்கத்தவர், நல்ல நிலையில் இருப்பவர், உங்களிடம் ஒப்படைக்கிறோம்' என்று நாலு வரி. இதில் நான் யாருக்கும் இரங்கியதில்லை. எங்கள் பையன் ஒருவன் பேசாலையில் பெண் எடுத்து, கடிதம் கேட்காமலே அவர்களோடு கோயிலுக்குப் போகத் தொடங்கினான். ஆள் அனுப்பிக் கேட்டேன். கலியாணக் கேக் துண்டோடு வந்து கடிதத்தை வாங்கிக்கொண்டு போனான். இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். கடிதம் இல்லாமல் அசையக்கூடாது என்று சின்னப் பிள்ளையும் சொல்லும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வருடாந்தக் கூட்டத்தில் இடாப்பு முழுவதையும் உரக்க வாசிப்போம். பெயர் வாசிக்க, வந்தவர் 'இருக்கிறன்' என்பார். சுகமில்லாமல் வராதவருக்காக வீட்டுக்காரர் யாராவது 'வீட்டில' என்பார்கள். அந்த வருடம் செத்துப்போனவருக்கு 'கர்த்தரிட்ட' என்று பதில் வரும். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுவது மாதிரித்தான். ஆனால் அந்தக் கடைசிப் பதில் வரும்போது எல்லாரும் ஒருகணம் எழுந்து நிற்போம்.

சண்டைக்காலத்தில் ஒரு ஞாயிறு நான் கோயிலுக்குப் போனபோது பாதி வாங்குகள் உட்கார ஆளில்லாமல் வெறுமையாக இருந்தன. வள்ளமேறி இராமேஸ்வரத்துக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். போனவர்களில் என் சிநேகிதியும் ஒருத்தி. நானும் அவளும் ஒரே வாங்கில் இருந்து, ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாடி வளர்ந்தவர்கள். அவளுடைய தகப்பன்தான் எங்கள் கோயில் வார்டன். முதல் நாள்வரை ஊரில் இருந்தவள் ஒரு சொல்லுச் சொல்லாமல் போய்விட்டாள்.

பயத்தில் ஓடியவர்களை யாரும் குறை சொல்லமுடியாது. இது எனக்கு அன்றைக்கும் தெரியும். ஆனால் என் நெஞ்சு அதைக் கேட்கவில்லை. இடாப்பை எடுத்தேன். அதில் போனவர்களுக்கு மூன்று பிரிவு இருந்தது: காலமானவர், கடிதம் பெற்றுச் சென்றவர், சபையை விட்டு விலகியவர். அவர்கள் காலமாகவில்லை, கடிதமும் பெறவில்லை. ஆகவே பத்துக் குடும்பத்தின் பெயர்களுக்கும் மேலே அடிமட்டம் வைத்துச் சிவப்பு மையால் கோடு போட்டு, ஓரத்தில் 'விலகியவர்' என்று எழுதினேன். அவளுடைய பெயருக்குப் போட்ட கோடு மற்றவற்றை விடத் தடிப்பாக இருக்கும். இன்றைக்கும் பார்க்கலாம்.

அதன்பிறகு கோயில் இருந்த பக்கத்துக்குப் போகக்கூடாது என்றார்கள். முட்கம்பி வந்தது. என் தகப்பனும் நானும் இடாப்பைத் தகரப் பெட்டியில் போட்டுக்கொண்டு பேசாலைக்கு வந்தோம். அங்கே ஒரு கத்தோலிக்கக் குடும்பம் தங்கள் வீட்டில் பாதியைத் தந்தது. ஞாயிறுகளில் அவர்களோடு அவர்கள் கோயிலுக்குப் போய்க் கடைசி வாங்கில் இருந்தேன். வருடக் கணக்காக இருந்தேன். அப்பாவின் பெட்டியை அடக்கத்துக்குத் தூக்கியவர்களும் அவர்கள்தான். ஒருவரும் என்னிடம் கடிதம் கேட்கவில்லை. அது பற்றி அப்போது நான் யோசிக்கவும் இல்லை.

சண்டை முடிந்து, கம்பியும் எடுத்து, நாங்கள் திரும்பிப் போனபோது கோயிலில் கூரை இல்லை. உள்ளே கழுதைகள் படுத்திருந்தன. எங்களைக் கண்டதும் எழும்பவும் இல்லை. எத்தனையோ வருடம் குடியிருந்தவை, உரிமை இருக்குமல்லவா. தண்டவாளத் துண்டு மட்டும் மரத்தில் அப்படியே தொங்கியது. ஒன்பது பேர் சேர்ந்து குப்பை அள்ளி, தகரம் போட்டு, ஆராதனையைத் தொடங்கினோம். மோட்டார் சைக்கிளில் ஒரு குருவானவர் ஒன்றுவிட்ட ஞாயிறுகளில் வருவார்.

பிறகு ஒவ்வொரு குடும்பமாக இந்தியாவிலிருந்து திரும்பத் தொடங்கினார்கள். மூன்று வருடத்துக்கு முந்தி ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து நான் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் வந்து முன்னால் நின்றாள். முன்மயிர் நரைத்திருந்தது. பக்கத்தில் அவளுடைய மகள். சுகமா என்று கேட்டாள், சுகம் என்றேன். தங்கள் பெயர்களை இடாப்பில் பார்த்துச் சரிசெய்யவேண்டும், மகளையும் சேர்க்கவேண்டும் என்றாள்.

"அங்க இருந்த சபையில இருந்து மாற்றுக் கடிதம் கொண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டேன். சின்ன வயதிலிருந்து நீ, வா என்று பேசியவளை நீங்கள் என்றேன்.

இல்லை, அங்கே எந்தச் சபையிலும் தாங்கள் சேரவில்லை என்றாள். கடிதம் இல்லாமல் ஒன்றும் செய்யமுடியாது என்று சொல்லி, அலுமாரியைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன். ஏன் சேரவில்லை என்று கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து அவள் கடைசி வாங்கில் இருந்தாள். திரும்பி வந்த மற்றவர்களும் அவளைப் பார்த்து அங்கேயே இருந்தார்கள். வருடாந்தக் கூட்டம் நடக்கும்போது அங்கத்தவர் அல்லாதவர்கள் என்று எழுந்து முற்றத்தில் போய் நின்றார்கள். நான் இடாப்பு வாசித்தது அவர்களுக்கு வெளியே கேட்டிருக்கும்.

இந்த நிலையில்தான் படிவம் வந்தது. இடாப்பின்படி எங்கள் சபையில் பதினொரு பேர். வரலாற்றில் தொடக்கமும் முடிவும் சுகமாக எழுதினேன். நடுவில் ஒரு பெரிய பள்ளம். 'அக்காலத்தில் ஆலயம் மூடப்பட்டிருந்தது' என்று ஒரு வரி எழுதி, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டுப் போட இந்தப் பதினொரு பேரும் இந்த ஒரு வரியும் போதும், குழுவுக்கு இங்கே வரும் வேலைகூட மிச்சம்.

குருவானவர் வாசித்துப் பார்த்துவிட்டு, இந்தியாவுக்குப் போனவர்கள் அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதினால் நல்லது என்றார். கேட்கிறேன் என்று சொல்லி இரண்டு கிழமை கடத்தினேன். வெயில் என்றேன், முழங்கால் நோ என்றேன். மூன்றாம் முறை அவர் முழங்கால் எப்படி என்றுதான் கேட்டார். எனக்கே வெட்கமாகிவிட்டது. அடுத்த நாள் குடையை எடுத்துக்கொண்டு அவள் இருக்கும் வீட்டுத்திட்டத்துக்கு நடந்தேன்.

அவள் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். கதிரையை இழுத்துப் போட்டாள். நான் கொப்பியையும் பேனையையும் எடுத்து வைத்துக்கொண்டு, கந்தோரில் கேட்கிற குரலில், அங்கே எந்தச் சபைக்குப் போனீர்கள், ஏன் சேரவில்லை என்று கேட்டேன்.

மண்டபத்தில் இவர்கள் இருந்த அகதி முகாமுக்குப் பக்கத்தில் ஒரு கோயில் இருந்ததாம். நல்ல சனமாம். அவர்களோடு போய்க் கும்பிடுவார்களாம். சேரச் சொல்லி அந்தக் கோயில் போதகர் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறார். இவர்கள் மறுத்துவிட்டார்கள்.

"கடிதம் இல்லைத்தானே," என்றாள். "கடிதம் இல்லாமல் இன்னொரு சபையில சேருறது ஒழுங்கில்லை எண்டு அப்பா சொல்லிப்போட்டார். விருந்தாளியளா இருப்பம், எங்கட பேர் ஊரில இருக்குது எண்டு சொன்னவர்."

கால் நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பத்துக் குடும்பமும் விருந்தாளிகளாகவே இருந்திருக்கின்றன, நான் எழுதிக் கொடுக்காத நாலு வரிக் கடிதத்துக்காக. அதற்கும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"கேட்டிருந்தால் எழுதித் தந்திருப்பன். ஒரு சொல்லுச் சொல்லாமல்தானே போனனீ," என்றேன். நீங்கள் எப்போது நீ ஆனது என்று எனக்கே தெரியாது.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "கேக்கத்தான் வந்தனான். உன்ர தபால் கந்தோருக்கு வந்தனான். நீ யன்னலைச் சாத்திக்கொண்டு நிண்டனீ. நேரம் முடிஞ்சுது, நாளைக்கு வா எண்டனீ. சுத்திவரச் சனம், வாய் திறக்கேலாது. நாளைக்கு நான் மண்டபத்தில நிண்டனான்."

அந்தப் பின்னேரத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். வரவில்லை. அதுதான் இன்னும் கொடுமையாக இருந்தது. நேரம் முடிந்தது, நாளைக்கு வா என்று என் வாழ்நாளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! அதில் ஒருத்தி அவள். நான் அழுதேன். அவள் தையலை விட்டு எழுந்து போய்ப் பிளேன்ரீ போட்டுக்கொண்டு வந்தாள். சீனி கூடுதலாகப் போட்டிருந்தாள், சின்ன வயதில் நான் குடிப்பதுபோல. பிறகு உள்ளே போய் ஒரு பிஸ்கற் தகரத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

உள்ளே ஏழு அப்பியாசக் கொப்பிகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் எங்கள் கோயிலின் பெயர், தலைமன்னார், கீழே அடைப்புக்குள் 'முகாமில்'. காலையில் அந்தக் கோயிலுக்கு விருந்தாளிகளாகப் போனவர்கள், பின்னேரம் முகாமில் தங்கள் சபையின் மாலை ஜெபத்தை நடத்தியிருக்கிறார்கள். தகப்பன் முதலில் எழுதியிருக்கிறார், அவர் கை நடுங்கத் தொடங்கியதும் அவள். திகதி, வாசித்த சங்கீதம், வேதபாடம், எத்தனை பேர். ஒரு ஞாயிறும் விடுபடவில்லை. 'மழை. மூன்று பேர். சங்கீதம் மட்டும்' என்று ஓரிடத்தில் இருந்தது. 'முகாமில் சோதனை. பாட்டு இல்லை, மெதுவாக ஜெபித்தோம்' என்று இன்னோரிடத்தில்.

கொப்பிகளை வாங்கிக்கொண்டு வந்து என் வீட்டு மேசையில் வைத்துப் பக்கம் பக்கமாக வாசித்தேன். வருடத்துக்கு ஒருமுறை இடாப்பும் வாசித்திருக்கிறார்கள். புத்தகம் என்னிடம் இருந்ததால் ஞாபகத்திலிருந்து எழுதி வைத்து வாசித்திருக்கிறார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளின் பெயர்கள் கீழே சேர்ந்துகொண்டே போயின. பெரும்பாலான பெயர்களுக்கு நேரே 'இருக்கிறார்'. வரவரச் சிலதுக்கு 'கர்த்தரிடம்'. அந்த வரிசையில் ஓரிடத்தில் என் அப்பாவின் பெயரும் என் பெயரும் இருந்தன. ஊரில் நின்றுவிட்ட எல்லாருடைய பெயர்களும் இருந்தன. என் பெயருக்கு நேரே, ஒவ்வொரு வருடமும், தகப்பன் எழுதிய வருடங்களிலும்கூட, அவளுடைய கையெழுத்தில் 'வீட்டில்' என்று எழுதியிருந்தது.

நான் அவளைக் கோடு போட்டு வெட்டிவிட்டு இருந்த காலம் முழுக்க, அவள் எழுந்து நின்று எனக்காகப் பதில் சொல்லியிருக்கிறாள்.

குருவானவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இடாப்பைத் திருத்த வழி இருக்கிறது, ஆனால் சபைக்கு முன்னால் நானே காரணம் சொல்லித் திருத்தவேண்டும் என்றார். குழுவை வருடாந்தக் கூட்டத்தன்றே வரச்சொல்லி எழுதுவோமா என்றும் கேட்டார். முப்பத்தைந்து வருடம் மற்றவர்களின் பிழையைச் சிவப்பு மையால் சுற்றிக் காட்டியவள் தன் பிழையை வாசித்துக் காட்டுவதென்றால் சும்மாவா. ஆனாலும் எழுதுங்கோ என்றேன்.

குழுவில் மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் மூத்த குருவானவர் ஒருவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறவர். கூட்டம் தொடங்கியதும் வழக்கம்போல் கடைசி வாங்குக்காரர்கள் எழுந்து வெளியே போகப் பார்த்தார்கள். நான் எழுந்து, தயவுசெய்து இருங்கோ என்றேன். பிறகு இடாப்பைத் தூக்கிச் சிவப்புக் கோட்டுப் பக்கத்தை எல்லாருக்கும் காட்டினேன். இந்தக் கோட்டைப் போட்டது நான், கோபத்தில் போட்டது, இவர்கள் ஒருநாளும் விலகவில்லை, கடிதம் கேட்டு வந்தபோது யன்னலைச் சாத்தியதும் நான்தான் என்று சொன்னேன். எழுதி வைத்திருந்தது இதைவிட அழகாக இருந்தது. இடாப்பைத் தூக்கியபோது கடதாசி எங்கேயோ விழுந்துவிட்டது.

நான் அந்தப் பக்கத்தை வாசிக்கத் தொடங்கினேன். முதற்பெயர் அவளுடைய தகப்பனுடையது. "கர்த்தரிட்ட" என்று அவள் குரல் பின்னாலிருந்து வந்தது. எல்லாரும் எழுந்து நின்றோம். குழுவும் எழுந்து நின்றது. அடுத்தது அவளுடைய பெயர். தடித்த கோட்டுக்குள் எழுத்தைத் தேடி அதை வாசித்தேன்.

"இருக்கிறன்" என்றாள்.

அதன்பிறகு அந்தப் பக்கத்துப் பெயர்களையும் கொப்பிகளில் சேர்ந்திருந்த பெயர்களையும் வாசிக்க வாசிக்கப் பதில் வந்துகொண்டே இருந்தது. முகாமில் பிறந்த பிள்ளைகள், இப்போது கலியாணம் கட்டி வந்தவர்கள், வாசிக்க முதலே 'இருக்கிறன்' என்று முந்திக்கொண்ட ஒருவன், எல்லாரும் சிரித்தது, எல்லாம் நடந்தது. சில பெயர்களுக்கு, அவர்கள் இன்னும் இந்தியாவில்தான், 'வீட்டில' என்று யாரோ சொன்னார்கள். கடைசியில் எங்கள் பதினொரு பேரையும் சேர்த்து எண்ணியபோது நாற்பத்து நாலு பேர்.

மூத்த குருவானவர் ஏழு கொப்பிகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப இந்தச் சபை எந்தக் காலத்தில மூடி இருந்தது?"

"மூடேல்லை, ஐயா," என்றேன். "கட்டடந்தான் மூடினது."

அவர் அதை அப்படியே எழுதினார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. தலைமன்னார்ச் சபை தனிச் சபையாகவே இருக்கும், குருவானவர் இனி ஒவ்வொரு ஞாயிறும் வருவார். கடிதத்தைத் தண்டவாளத்துக்குக் கீழே நின்று நான் வாசித்தேன். மதிலுக்கு அங்காலிருந்து பக்கத்து வீட்டுக்காரர், றெயில் நேரத்துக்கு வந்திட்டுதோ என்று கேட்டார். வந்திட்டுது என்றேன்.

அன்றைக்கே இன்னொரு வேலையும் செய்தேன். முகாமுக்குப் பக்கத்துக் கோயிலுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இவர்கள் எங்கள் அங்கத்தவர்கள், நல்ல நிலையில் இருப்பவர்கள், இத்தனை காலம் உங்கள் வீட்டில் விருந்தாளிகளாக வைத்துப் பார்த்ததற்கு நன்றி, இப்போது வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று நாலு வரி. தபாலில் போட நான் போனபோது கந்தோர் சாத்துகிற நேரம். அங்கிருந்த பிள்ளை திரும்ப யன்னலைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

அவளை முன் வாங்குக்கு வரச்சொல்லி எத்தனையோ தரம் கூப்பிட்டுவிட்டேன். பின்னால் காற்று நல்லாய் வருகுது, பழகியும் போச்சு என்கிறாள். சொல்லி முடியாது. இப்போது ஞாயிறுகளில் நானும் பின்னால் போய்த்தான் இருக்கிறேன். பாட்டுப் புத்தகம் ஒன்று போதும். எழுத்துச் சின்னது என்று அவள் அதைத் தன் பக்கம் இழுப்பாள், நான் என் பக்கம் இழுப்பேன்.